ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு: பருவங்கள், பாத்திரங்கள், பொருள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோட்டோ பயணத்துக்கு முன்னால் படிக்கிறவர்கள், மாச்சா வாங்கி வீட்டில் கலக்கிப் பார்த்தவர்கள், ஜப்பானிய மொழி வகுப்பில் இருப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் "இது எதைக் குறிக்கிறது?" என்று முடிபவை. குறியீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் நெருப்பு எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டால் பல கேள்விகளுக்குத் தனி விளக்கமே வேண்டியிருக்காது.

சுருக்கமாகச் சொன்னால் இது என்ன?

ஒருவர் சிலரை அழைத்து, கரி மூட்டி, தண்ணீர் காயவைத்து, பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிக் கொடுப்பது. இதைச் சானோயு என்பார்கள். கற்றுத் தேறவேண்டிய நெறி என்ற பொருளில் சொல்லும்போது சாதோ. முழு அளவில் நடக்கும் கூடலுக்குச் சாஜி என்று பெயர், ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். விருந்தினர் கண்முன்னே கரி அடுக்குதல், கைசெகி எனும் அளவான உணவு, ஓர் இனிப்பு, தோட்டத்தில் சிறு இடைவேளை, அப்புறம் கெட்டித் தேநீர், மறுபடி கரி, கடைசியாக மெல்லிய தேநீர். சுற்றுலாப் பயணிகளுக்கு நடத்தும் நிகழ்ச்சிகளில் அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான் இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்பது நியாயமில்லை.

இதைத் தொடங்கியவர் யார்?

தூள் தேநீர் சீனாவிலிருந்து வந்தது. 1191இல் அங்கிருந்து திரும்பிய எய்சாய் என்ற ஜென் துறவிதான் அதை ஜப்பானில் வேரூன்றச் செய்தவர் என்பார்கள். முதலில் மடங்களில் மருந்தாகவும் தூக்கம் விரட்டவும் குடித்தார்கள். பிறகு பிரபுக்களின் மாளிகைகளில் சீனப் பாத்திரங்களைக் காட்டிப் பெருமைப்படும் விருந்தாக ஆனது. அந்தப் பகட்டிலிருந்து விலகி, சிறிய அறை, எளிய பாத்திரம் என்று திருப்பியவர்களில் முராடா ஜுகோ (1423–1502), தகேனோ ஜோஓ (1502–1555) இருவரும் முன்னோடிகள். அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591).

ரிக்யூ சகாய் துறைமுகத்து வணிகர். போர்த்தலைவர் ஓடா நொபுநாகாவுக்கும், அவருக்குப் பிறகு நாட்டை ஒருங்கிணைத்த டொயோடோமி ஹிடெயோஷிக்கும் தேநீர் ஆசானாக இருந்தார். ஹிடெயோஷி ஒரு விசித்திரமான மனிதர். 1587இல் கியோட்டோவின் கிட்டானோ கோயில் வளாகத்தில் ஏழை பணக்காரர் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பெருங்கூடல் நடத்தினார். பிரித்து எடுத்துச்செல்லக்கூடிய தங்கத் தேநீர் அறையும் அவரிடம் இருந்தது. இரண்டு பாய் அகல அறையில் மண்சுவருக்குள் உட்காரச் சொன்ன ரிக்யூ, இப்படிப்பட்டவரிடம்தான் வேலை பார்த்தார். 1591இல் ரிக்யூ வயிற்றைக் கிழித்து உயிர்விட வேண்டும் என்று ஹிடெயோஷி ஆணையிட்டார். ஏன் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

தேநீர்ச் சடங்குக்கு எத்தனை பருவங்கள்?

நான்கு என்று பதில் வரும் என எதிர்பார்ப்பீர்கள். அடிப்படையில் இரண்டுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ரோ. மே முதல் அக்டோபர் வரை ஃபுரோ.

ரோ என்பது தரையில் பாயை வெட்டி அமைத்த சதுரக் குழியடுப்பு. ஒரு பக்கம் 42 சென்டிமீட்டர் சொச்சம். ஃபுரோ என்பது தரைக்கு மேல் வைக்கும் கும்மட்டி அடுப்பு, வெண்கலம், இரும்பு, மண் எதிலும் இருக்கலாம். ரோ பருவத்தில் நெருப்பு விருந்தினர் பக்கமாக வந்து, அறையின் நடுவில் எல்லோருக்கும் சூடு தருகிறது. ஃபுரோ பருவத்தில் அதே நெருப்பு கும்மட்டிக்குள் அடங்கி, விருந்தினரிடமிருந்து தள்ளி, உபசரிப்பவரின் இடப்புறத்துக்குப் போய்விடுகிறது. அவருடைய வலப்புறத்தில், அதாவது விருந்தினருக்குப் பக்கத்தில், குளிர்ந்த தண்ணீர்ச் சாடி உட்கார்ந்திருக்கும்.

இந்த ஒரு மாற்றத்திலிருந்து மற்றதெல்லாம் கிளைக்கின்றன. ரோவில் கரித்துண்டுகள் பெரியவை, ஃபுரோவில் சிறியவை. மூங்கில் அகப்பையின் கிண்ணமும் அப்படியே. பானை மூடியை எடுத்து வைக்கும் மூங்கில் துண்டில்கூட வித்தியாசம் உண்டு: ஃபுரோவுக்கானதில் கணு உச்சியில் இருக்கும், ரோவுக்கானதில் நடுவுக்குச் சற்று மேலே. கூடலின் வரிசையே மாறும். குளிர்காலத்தில் விருந்தினர் உள்ளே வந்ததும் முதலில் கரி, அப்புறம் சாப்பாடு. அறை சூடாக வேண்டுமே. கோடையில் முதலில் சாப்பாடு, அப்புறம் கரி.

ரிக்யூவின் ஏழு விதிகள் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். "கோடையில் குளிர்ச்சியும் குளிரில் வெதுவெதுப்பும் தோன்றச் செய்" என்பது அதில் ஒன்று. "கரியைத் தண்ணீர் கொதிக்கும்படி அடுக்கு" என்பது இன்னொன்று. இதைக் கேட்ட சீடர், "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றாராம். "அப்படியானால் செய்து காட்டு, நான் உனக்குச் சீடனாகிறேன்" என்றாராம் ரிக்யூ.

நவம்பரைத் தேநீர்க்காரர்களின் புத்தாண்டு என்கிறார்களே, ஏன்?

மே மாதம் பறித்த தேயிலையை ஆவியில் வேகவைத்து உலர்த்தி, பெரிய மண் சாடியில் போட்டு வாயை முத்திரையிட்டுவிடுவார்கள். கோடை முழுவதும் குளிர்ந்த இடத்தில் கிடந்து சுவை முதிர்ந்தபின், நவம்பரில் சாடியின் முத்திரையை வெட்டித் திறந்து, இலையை எந்திரக்கல்லில் அரைத்து அந்த ஆண்டின் முதல் தேநீரைக் கலக்குவார்கள். இதுதான் குச்சிகிரி. குழியடுப்பைத் திறக்கும் ரோபிராகியும் அதே மாதம். புது நெருப்பு, புதுத் தேயிலை, புதிதாய் மாற்றிய பாய். சில வீடுகளில் தாள் சன்னல்களைக்கூடப் புதிதாக ஒட்டுவார்கள். ஜனவரிப் புத்தாண்டைவிட இதில்தான் புதுசு அதிகம்.

ரோபிராகிக்கு மூன்று "பே" சேரவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ஃபுகுபே என்ற சுரைக்குடுக்கையில் செய்த கரிக்கூடை, ஒரிபே பச்சை மெருகு மட்பாண்டம், இம்பே ஊரின் பிசென் மட்பாண்டம். மூன்றும் "பே" என்று முடிகின்றன, அவ்வளவுதான். இதில் தத்துவம் தேடிக் களைத்துப்போன வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. இனிப்பாகச் சிவப்பு அசுகிப் பயற்றைக் காய்ச்சிய ஜென்சாய் கஞ்சியோ, பன்றிக்குட்டி வடிவ இனோகோ மோச்சி என்ற அரிசிமாவுப் பண்டமோ இருக்கும். பழைய நாள்காட்டியின் 10ஆம் மாதத்துப் பன்றி நாளில் அதைத் தின்றால் நோய் அண்டாது, நெருப்பு விபத்து வராது என்பது நம்பிக்கை. அடுப்பைத் திறக்கும் நாளுக்கு அது பொருந்திப்போனது.

எடோ காலத்தில் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனுக்கான தேயிலைச் சாடிகள், தேயிலைக்குப் பேர்போன ஊஜியிலிருந்து எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) பெரும் ஊர்வலமாகப் போகும். வழியில் பொதுமக்கள் ஒதுங்கி வணங்க வேண்டும். சாடிக்குப் போய் இத்தனை மரியாதையா என்றால், ஆமாம். அந்தச் சாடிகளில் மதிப்புமிக்கவை சில தென்சீனாவில் சரக்கு ஏற்றச் செய்யப்பட்ட சாதாரணக் கொள்கலன்கள். பிலிப்பைன்ஸின் லூசோன் வழியாகவும் வந்ததால் லூசோன் சாடி என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. சிகுசா என்று பெயர் சூட்டப்பட்ட சீனச் சாடி ஒன்று இன்று வாஷிங்டனின் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்னென்ன மாறும்?

ஜனவரியில் ஹட்சுகாமா, ஆண்டின் முதல் கூடல். அறைச் சுவரில் உள்வாங்கிய அலங்கார மாடத்தில் பச்சை மூங்கில் குழாயிலிருந்து தரைவரை தொங்கும் வில்லோ கிளைகளை ஒரு வளையமாக முடிந்திருப்பார்கள். உள்ளே பொன்னும் வெள்ளியும் பூசிய இரட்டைக் கிண்ணங்களில் கெட்டித் தேநீர் வரும். ரிக்யூவின் வழிவந்த மூன்று மரபுகளில் (மற்றவை ஒமோடெசென்கே, முஷகோஜிசென்கே) ஒன்றான உரசென்கேயில் இனிப்பு ஹனபிரா மோச்சி: வெள்ளை மோச்சிக்குள் இளஞ்சிவப்பு அடை, வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), ஒரு குச்சிக் கோபோ வேர். இனிப்புக்குள் கிழங்கு வேரா என்று முதல்முறை தின்பவர்கள் திகைப்பார்கள். எனக்கு இது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

பிப்ரவரியில் குளிர் உச்சம். உரசென்கேயில் வழக்கமான குழியைவிடப் பெரிய ஓரோவைத் திறப்பார்கள். இது 19ஆம் நூற்றாண்டில் 11ஆவது தலைமுறைத் தலைவர் கெங்கென்சாய் ஏற்படுத்தியது. தேநீர்க் கிண்ணமும் உயரமாக, வாய் குறுகி, குழாய்போல் இருக்கும். சூடு போகாது, பிடித்துக்கொண்டால் கைக்கும் இதம்.

மார்ச்சில் இரும்புப் பானையைக் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுவார்கள். அகப்பை பட்டதும் மெல்ல ஆடும், வசந்தக் காற்று என்பார்கள். ரிக்யூவின் நினைவு நாளும் இந்த மாதம்தான்: ஒமோடெசென்கே 27ஆம் தேதியும் உரசென்கே 28ஆம் தேதியும் கடைப்பிடிக்கின்றன. அன்று அவர் படத்துக்கு முன் கடுகினத்து மஞ்சள் பூவான நானோஹனாவை வைப்பார்கள். அதுவரை அந்தப் பூவைத் தேநீர் அறையில் வைக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு.

ஏப்ரலில் அகன்ற விளிம்புள்ள பானை வரும். இரண்டு மரத்துண்டுகளின் மேல் அதை உட்காரவைத்தால் விளிம்பு குழியின் வாயை மூடிக்கொள்ளும், நெருப்பு கண்ணில் படாது. மே பிறந்ததும் குழியையே மூடிவிட்டுப் பாய் போட்டுவிடுவார்கள்.

நவம்பரில் நெருப்பு திறந்தது, பிப்ரவரியில் பெருத்தது, மார்ச்சில் பானை மேலே ஏறியது, ஏப்ரலில் நெருப்பு மறைந்தது, மேயில் ஒதுங்கியது. வில்லோ, கடுகுப்பூ எல்லாம் இதன் மேல் ஏறிய அழகு.

கோடையில் சூடான தேநீர் குடித்து எப்படிக் குளிர்ச்சி வரும்?

கியோட்டோ கோடை லேசுப்பட்டதில்லை, புழுக்கம் தாங்காது. அதனால் கோடை முழுக்கத் தண்ணீரின் ஆட்சிதான்.

கிண்ணம் தட்டையாக, அகலமாக இருக்கும். கலக்கும்போதே ஆறிவிடும். தண்ணீர்ச் சாடியாகக் கிணற்று வாளி வடிவிலான, பூச்சில்லாத மரப்பெட்டியை நன்றாக நனைத்துச் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார்கள். பித்தளையோ களிமண்ணோ தராத குளிர்ச்சி ஈர மரத்துக்கு உண்டு. சாடிக்கு மூடியாகப் பச்சை இலை போடும் வழக்கமும் கெங்கென்சாய் தந்தது. ஜூலையில் வரும் தனபாதா என்ற நட்சத்திர விழாவையொட்டிக் கஜி மரத்து இலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடியாக வைப்பார்கள். வேலை முடிந்ததும் இலையை மடித்துக் கழுநீர்க் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அராய்சாகின். கிண்ணம் துடைக்கும் வெள்ளைத் துணியைத் தட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டே எடுத்துவந்து, விருந்தினர் முன் தூக்கிப் பிழிவார்கள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குமேல் ஒன்றும் இல்லை, அது போதும்.

கடும் கோடையில் கூடலை விடியற்காலை 6 மணி சுமாருக்கு வைத்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். இதற்கு அசாசா, அதாவது காலைத் தேநீர், என்று பெயர். ஜூன் 30 அன்று கியோட்டோவில் மினசுகி என்ற முக்கோண இனிப்பு. மேலே அசுகிப் பயறு, கீழே பனிக்கட்டித் துண்டைப் போன்ற வெள்ளை மாவு. பனிக்கட்டி அரசவைக்கு மட்டும் கிடைத்த காலத்தில் மற்றவர்கள் அதன் வடிவத்தையாவது தின்று ஆறுதலடைந்தார்கள் என்பது கதை.

அக்டோபரில் உடைந்த பாத்திரங்களை வைப்பது உண்மையா?

உண்மை. போன நவம்பரில் திறந்த சாடி இப்போது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மிச்சம், பிரிய மனமில்லாத ஏக்கம் இரண்டையும் சேர்த்து நகோரி என்பார்கள். பொன் அரக்கால் ஒட்டிய கிண்ணம், ஜோடி பிரிந்த தட்டு, விளிம்பு துருப்பிடித்து உதிர்ந்த இரும்புக் கும்மட்டி எல்லாம் வெளியே வரும். வழக்கமாக ஒன்றிரண்டு பூவோடு நிறுத்துபவர்கள், இந்த மாதம் கடைசியாகப் பூத்தவற்றையெல்லாம் கூடையில் சேர்த்து வைப்பதுண்டு.

அதே மாதத்தில் கும்மட்டி இடப்புறத்திலிருந்து நடுவுக்கு நகர்கிறது, விருந்தினரை நோக்கி ஒரு எட்டு. ஒல்லியான தண்ணீர்ச் சாடி இடப்புறத்துக்குத் தள்ளப்படுகிறது. இதற்கு நகாஓகி என்று பெயர். காலையில் லேசாகக் குளிர ஆரம்பித்துவிட்டது, ஆனால் குழியடுப்பைத் திறக்க இன்னும் நாளிருக்கிறது. சடங்கின் பருவ உணர்வை ஒரே அசைவில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

முக்கியப் பாத்திரங்கள் எவை?

இரும்புப் பானை (காமா) எல்லாவற்றுக்கும் தலை. இன்றும் ஒரு கூடலை ‘காமா போடுவது’ என்றே சொல்வார்கள். பழைய காலத்தில் கியூஷுவின் அஷியா, கிழக்கே தென்ம்யோ இரண்டும் பெயர்பெற்ற வார்ப்பு ஊர்கள். பானையின் அடியில் உள்ளே சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் காயும்போது அதனால் ஒருவித ரீங்காரம் எழும். பைன் மரங்களில் காற்று என்று அதற்குப் பெயர். கொதி எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தேர்ந்தவர்கள் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

மத்து (சாசென்) ஒரே மூங்கில் கணுவைப் பல பத்து இழைகளாகப் பிளந்து செய்வது. நாரா மாவட்டம் இகோமாவின் தகயாமா ஊர் இதற்குப் பேர்போனது. மரபுக்கு மரபு மூங்கில் வேறு: உரசென்கே வெள்ளை மூங்கில், ஒமோடெசென்கே பழைய வீட்டுக் கூரையில் புகையேறிய மூங்கில், முஷகோஜிசென்கே கரு மூங்கில்.

மெல்லிய தேநீர்த் தூளுக்கு அரக்குப் பூசிய நட்சுமே சிமிழ். கெட்டித் தேநீருக்குச் சிறு மண் குடுவை, அதற்குத் தந்த மூடி, மேலே பட்டுச் சுருக்குப்பை. இவை போக அகப்பை, மூடிதாங்கி, தண்ணீர்ச் சாடி, கழுநீர்க் கிண்ணம், தூபச் சிமிழ், கரி தள்ளும் இறகு, பட்டுத் துணி.

தூள் எடுக்கும் மூங்கில் கரண்டி (சாஷாகு) பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத குச்சி. ஆனால் ஆசான்கள் தாங்களே செதுக்கிப் பெயரும் சூட்டுவார்கள். ரிக்யூ சாவதற்கு முன் செதுக்கிய ஒன்றின் பெயர் ‘நமிதா’, கண்ணீர். அதைப் பெற்ற சீடர் ஃபுருடா ஒரிபே, அதன் உறையில் ஒரு சன்னல் வெட்டி, ஆசானின் நினைவுப் பலகையாக வைத்து வணங்கினார் என்பார்கள். இன்று நகோயாவின் தொகுகவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோணல்மாணலான கிண்ணத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

"முதலில் ராகு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு" என்று தேநீர்க்காரர்கள் கிண்ணங்களை மட்பாண்ட வகையால் வரிசைப்படுத்துவார்கள். ராகு கிண்ணத்தை ரிக்யூவின் விருப்பத்துக்கேற்ப முதலில் செய்தவர் சோஜிரோ. சக்கரம் இல்லாமல் கையால் பிடித்துச் செய்வது. கறுப்பு ராகுவில் பச்சைத் தேநீர் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்தால் கறுப்பின் காரணம் புரியும். சுவர் தடிமனாக இருப்பதால் கை சுடாது, உள்ளே ஆறாது.

ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்றான கிசாஎமோன் இடோ கிண்ணம் கொரியாவில் வனையப்பட்டது, அன்றாடப் புழக்கத்துக்கான பாத்திரம் என்பதே பரவலான கருத்து. யாரோ ஒரு பெயர் தெரியாத குயவர் தேநீர்ச் சடங்கைக் கனவிலும் நினைக்காமல் செய்தது. இப்போது தைதொகுஜி மடத்தின் கொஹோவான் வளாகத்தில் இருக்கிறது. எளிமையைத் தேடிப்போனவர்கள் எளிமைக்கே ராஜ விலை வைத்துவிட்டார்கள் என்று கிண்டல் செய்தால் மறுக்கமுடியாது. அந்தக் கிண்டல் அங்கேயும் நெடுநாளாக உண்டு.

கிண்ணத்தை ஏன் திருப்பிக் குடிக்கிறார்கள்?

கிண்ணத்தின் அழகான முகப்பை உபசரிப்பவர் உங்கள் பக்கமாக வைக்கிறார். அந்த இடத்தில் வாய் வைக்காமல் சற்றுத் திருப்பிக் குடிப்பது பணிவு. வேறு ரகசியம் இல்லை.

கெட்டித் தேநீருக்கும் மெல்லிய தேநீருக்கும் என்ன வித்தியாசம்?

மெல்லியதில் (உசுசா) ஒருவருக்கு 2 கிராம் அளவு தூள், ஆளுக்கொரு கிண்ணம், பேச்சு கலகலப்பாக இருக்கும். கெட்டியில் (கொய்சா) ஒருவருக்கு 4 கிராம் அளவு. நுரைப்பதில்லை, பிசைவார்கள். கேழ்வரகுக் கூழ் பதத்தில் வரும். மூன்று நான்கு பேர் ஒரே கிண்ணத்தில் வரிசையாகக் குடிப்பது வழக்கம். கொரோனாவின்போது ஆளுக்கொரு கிண்ணமாக மாறினார்கள். சாஜியின் உச்சம் கொய்சாதான், அறை அப்போது அநேகமாக மௌனமாக இருக்கும்.

கரிக்கும் சாம்பலுக்கும் ஏன் இவ்வளவு கவனம்?

கரி குனுகி என்ற ஓக் வகை மரத்திலிருந்து வருகிறது. வெட்டுமுகத்தில் கோடுகள் சாமந்தி இதழ்களாய் விரியும். ஒவ்வொரு துண்டுக்கும் அளவும் இடமும் உண்டு. இவற்றோடு சுண்ணம் பூசிய வெள்ளைச் சுள்ளிகளும் சேரும். சரியாக அடுக்கினால் தேநீர் நேரத்தில் சரியாகக் கொதிக்கும், தப்பினால் எந்த அலங்காரமும் காப்பாற்றாது.

சாம்பல் வாங்கும் பொருளல்ல, வளர்க்கும் பொருள். குழியடுப்புக்கான சாம்பலை உச்சிக் கோடையில் வெளியே எடுத்துத் தேநீர்க் கஷாயம் தெளித்து, வெயிலில் காயவைத்து, பிசைந்து சலித்து, ஈரப்பதத்தோடு நவம்பருக்காகப் பத்திரப்படுத்துவார்கள். தேநீர் வீட்டில் தீப்பிடித்தால் முதலில் சாம்பலைத்தான் காப்பாற்றுவார்கள் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. குளிர்கால நெருப்புக்கான வேலை கொளுத்தும் வெயிலில் நடக்கிறது, அதையும் யாரும் பார்ப்பதில்லை.

பூக்களுக்கு விதி உண்டா?

"வயலில் இருப்பதுபோல் வை" என்பதும் அந்த ஏழு விதிகளில் ஒன்று. இக்கெபனா என்ற பூ அலங்காரக் கலையைப்போல வடிவமைக்கக் கூடாது. ரோ பருவத்துக்குக் கமேலியா, அதுவும் பாதி விரிந்த மொட்டு. ஃபுரோ பருவத்துக்குச் செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த முகுகே, காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். வாசனை தூக்கலான பூக்களைத் தவிர்ப்பார்கள். மூங்கில் கூடைகள் ஃபுரோ பருவத்துக்கு மட்டும்.

ஹிடெயோஷி ரிக்யூ தோட்டத்தின் அசாகாவோ (மார்னிங் குளோரி) பூக்களைப் பார்க்க வந்தபோது ஒரு பூகூட இல்லை, எல்லாம் வெட்டப்பட்டிருந்தன, கோபத்தோடு அறைக்குள் நுழைந்தால் மாடத்தில் ஒரே ஒரு பூ, என்ற கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அதைவிட ஒன்ஜோஜி என்ற பூக்குழாய் எனக்கு முக்கியம். 1590இல் ஹிடெயோஷி ஒதவாரா கோட்டையை முற்றுகையிட்டபோது ரிக்யூ வெட்டிய மூங்கில் அது. முகப்பிலேயே ஒரு விரிசல். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நேரில் பார்க்க முடிந்தால் விடாதீர்கள்.

இதில் இந்தியாவோடு, தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு வழியாக. ஒன்று வாசனை. ரோ பருவத்தில் தேனும் பொடிகளும் சேர்த்துப் பிசைந்த தூப உருண்டையை மண் சிமிழில் வைப்பார்கள். ஃபுரோ பருவத்தில் மரச் சிமிழில் வாசனைக்கட்டைச் சீவல், பெரும்பாலும் சந்தனம். ஜப்பானியத் தூபக்காரர்கள் உச்சத்தில் வைப்பது மைசூர்ச் சந்தனத்தை.

இன்னொன்று துணி. போர்த்துகீசிய, டச்சுக் கப்பல்களில் சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளும் கோடுபோட்ட பருத்தியும் ஜப்பானுக்குப் போயின. கோடுபோட்ட ஒருவகை மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயரிலேயே ‘சன்டோமே’ என்று விற்றது. பழைய இந்தியச் சித்திரத் துணியின் கையளவுத் துண்டுகூடக் கிடைத்தால், தேநீர்க்காரர்கள் அதைச் சுருக்குப்பையாகவோ பாத்திர உறையாகவோ தைத்துத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வோர் அசைவுக்கும் ஜென் தத்துவம் இருக்கிறதா?

ஜென் மடங்களோடு நெருங்கிய உறவு உண்டு. மாடத்தில் தொங்கும் எழுத்துச் சுருளுக்குத்தான் விருந்தினர் முதலில் வணங்குவார்கள், அது பெரும்பாலும் ஒரு துறவியின் கையெழுத்து. உடலை மடக்கி நுழையும் நிஜிரிகுச்சி வாசலின் உயரம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர், வாளோடு உள்ளே போகமுடியாது, வெளியே அதற்கென்று தனித்தட்டு உண்டு. பிரபுவும் வணிகரும் ஒரே மாதிரி குனிந்தார்கள்.

ஆனால் அசைவுக்கு அசைவு அர்த்தம் சொல்லும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. மூங்கில் அகப்பையைப் பானைமேல் வைக்கும் முறை அழகாக இருப்பதன் முதல் காரணம், அப்படி வைத்தால் உருளாது என்பது. "வாழ்நாளில் ஒருமுறை" என்று பொருள்படும் இச்சிகோ இச்சியே என்ற தொடரைப் புகழ்பெறச் செய்தவர் 1860இல் கொல்லப்பட்ட அமைச்சர் ஈ நாஓசுகே. இன்று அது குவளைகளிலும் டீ-சட்டைகளிலும் அச்சாகி வருகிறது.

பெண்கள் எப்போது வந்தார்கள்?

ரிக்யூ காலத்தில் இது பெரும்பாலும் ஆண்களின் உலகம். 1868க்குப் பிறகு மெய்ஜி ஆட்சியில் பிரபுக்களின் ஆதரவு போய் மரபுகள் தத்தளித்தபோது, பெண்கள் பள்ளிகள் தேநீரைப் பாடமாக எடுத்துக்கொண்டன. இன்று கற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நாற்காலி, மேசையில் நடக்கும் ர்யூரே முறையும் அந்தக் காலத்ததுதான், 1872 கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவரை மனத்தில் வைத்துக் கெங்கென்சாய் அமைத்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் ர்யூரே கேளுங்கள்.

விருந்தினராகப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்? சைவம் சாப்பிடுபவருக்குச் சிக்கல் வருமா?

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். சுத்தமான வெள்ளைக் காலுறை கையோடு இருக்கட்டும். பாயின் கரைத்துணியை மிதிக்காதீர்கள். தேநீர் வருவதற்கு முன்பே இனிப்பைத் தின்றுவிட வேண்டும்.

இனிப்புகள் பெரும்பாலும் பயறு, அரிசி, சர்க்கரை, கடற்பாசியில் வரும் கந்தேன்தான், ஆனால் சிலவற்றில் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கைசெகி உணவு வேறு கதை: அடிச்சாறு பெரும்பாலும் கட்சுஒபுஷி மீனில் எடுப்பது. முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் கொம்பு கடற்பாசிச் சாற்றில் செய்து தருவார்கள். அன்று போய்ச் சொன்னால் எல்லோருக்கும் தர்மசங்கடம்.

ஜப்பானில் எங்கே பார்க்கலாம்?

கியோட்டோவின் கிட்டானோ தென்மாங்கு கோயிலில் நவம்பர் 26 தேயிலைச் சாடி ஊர்வலம், டிசம்பர் 1 தேநீர் படையல். நாராவின் சைதாய்ஜி மடத்தில் ஓசாமோரி என்று ஒன்று, ஜனவரி, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நடக்கும். கிண்ணம் 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தாங்கிப்பிடித்தால்தான் குடிக்கமுடியும். இறுக்கமான சூழலுக்குப் பயப்படுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம், எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ரிக்யூ கட்டியதாகக் கருதப்படும் தையான் அறை கியோட்டோவுக்கு வெளியே யாமசாகியில் ம்யோகிவான் கோயிலுக்குள் இருக்கிறது. தேசியப் பொக்கிஷம், இரண்டே பாய் அகலம். முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும், உள்ளே நுழையமுடியாது, வாசலிலிருந்து எட்டிப்பார்க்கலாம். அதே ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தில் முழு அளவு நகல் ஒன்று இருக்கிறது. நேரம் குறைவென்றால் அதையாவது பார்த்துவிடுங்கள்.